யாருக்கு அடித்தது ஜாக்பாட்?

அம்மாடி,

செய்தித் தளத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். வங்காளத்துச் சாந்த்ராகாச்சியில் கிடக்கும் இந்தப் பெரியப்பாவுக்கு உன் முதல் தலைப்பையும் அனுப்பிவைத்தான்: ‘அரசு ஊழியர்களுக்கு அடித்தது ஜாக்பாட்!’ சந்தோஷம். அந்த ‘ஜாக்பாட்’ என்ற ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

1. ஒரு சொல்லை எடுக்குமுன் அது புழங்கும் இடத்தைப் போய்ப் பார். தமிழ்நாட்டில் 2003லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. நீ சீட்டைக் கண்ணால்கூடக் கண்டிருக்க மாட்டாய். இங்கே தெருவோரம் மேசை போட்டு விற்கிறார்கள். சீட்டு சில ரூபாய்தான், முதல் பரிசு ஒரு கோடி, நாளுக்கு மூன்று குலுக்கல். மத்தியான முடிவு வந்ததும் தாளில் விரல் வைத்து, கடைசி நான்கு எண்களைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். பேச்சே இருக்காது. கொஞ்ச நேரத்தில் மேசைக்கடியில் கிழிந்த சீட்டுகள் சேர்ந்துவிடும். அங்கே அடி விழுவது பெரும்பாலும் சட்டைப்பைக்குத்தான்.

2. உழைத்தவன் கூலியைப் பரிசாக்காதே. உன் செய்தியில் இருந்த அகவிலைப்படி என்பது விலைவாசி தின்றதில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது. மேற்கு வங்க ஊழியர்கள் இதற்காக ஷாகித் மினார் மைதானத்தில் தர்ணா இருந்தார்கள், கோர்ட்டுக்கு நடந்தார்கள். அது அவர்கள் உரிமை என்று 2022 மே மாதம் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. நிலுவையில் 25 சதவீதத்தைக் கொடுக்கும்படி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உன் தலைப்பைப் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு குமாஸ்தாவுக்கு வங்க மொழியில் சொன்னேன். “நான் எப்போது சீட்டு வாங்கினேன்?” என்று கேட்டார். சிரிக்கவில்லை.

3. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயர். பெயரிலேயே உரிமை இருக்கிறது. அதன் தலையில் ஜாக்பாட்டை வைத்தால், நீ பெயரையே படிக்கவில்லை என்று ஆகும்.

4. பணம் வந்த வழியைக் கேட்கக் கூச்சப்படாதே. குதிரைப் பந்தயத்தில் ஜாக்பாட் என்றால் தோற்ற பலரின் பணம் ஜெயித்த சிலரிடம் போய்ச் சேருவது. லாட்டரியிலும் அதே கணக்குதான். நடத்துகிறவர் பங்கு தனி. 2024 மார்ச்சில் தேர்தல் பத்திரம் வாங்கிக் கட்சிகளுக்குப் பணம் கொடுத்தவர்களின் பட்டியல் வெளியானபோது முதலிடத்தில் இருந்தது, லாட்டரி நடத்தும் கோவை மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் நிறுவனம்: 1,368 கோடி ரூபாய். சில ரூபாய்ச் சீட்டு எவ்வளவு தூரம் போகும் என்று அன்றைக்குப் புரிந்திருக்கும். நிருபருக்கு வேலை அங்கேதான் இருக்கிறது.

5. பக்கத்துச் செய்தியையும் படி. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து உயிரை விட்டவர்களின் செய்திகள் குவிந்த பிறகுதான் 2022ல் தமிழ்நாடு அதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. அப்படி ஒரு சாவுச் செய்திக்கு மேலே ‘ஜாக்பாட்’ மின்னினால் அந்த வீட்டார் கண்ணில் எப்படிப் படும்? சூதில் கிடைக்கும் வெற்றியையே தூண்டில் முள் என்றார் வள்ளுவர். உங்கள் டெஸ்கில் அதைத் தினமும் தலைப்பாக மாட்டுகிறீர்கள்.

6. சீனியர் ‘கிளிக் வேண்டும்’ என்பார். சண்டை போடாதே, முகத்தையும் தூக்கிவைத்துக்கொள்ளாதே. ‘அகவிலைப்படி 3 சதவீதம் உயர்வு: 25,000 அடிப்படைச் சம்பளத்துக்கு மாதம் 750 கூடும்’ என்று எழுதி நீட்டு. தன் சம்பளத்தைக் கணக்குப் பார்க்காமல் எந்த ஊழியரும் தாண்டிப் போக மாட்டார்.

7. சொல்லைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. யாருக்காவது நிஜமாகவே ஒரு கோடி விழுந்தால் தாராளமாகப் போடு. ஆனால் பெயரையும் தெருவையும் போடுமுன் அவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள். பரிசு விழுந்த கையோடு பாதுகாப்புக் கேட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடியவர்கள் இந்த வங்காளத்தில் எத்தனையோ பேர்.