நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஐம்பது கோஸ்டர் அடிக்கப் போகுமுன்

வெள்ளவத்தையில் புதிதாகக் கபே திறக்கிறவர், கொட்டாஞ்சேனையில் மகளின் கலியாண வரவேற்புக்குப் பெயரும் திகதியும் போட்ட கோஸ்டர் தேடுகிறவர், பழைய மாணவர் சங்க இராப்போசனத்துக்குப் பொறுப்பானவர். இவர்கள் அச்சகத்துப் படி ஏறுமுன்பே தெரிந்தவர்கள் நாலு பேர் புத்தி சொல்லி முடித்திருப்பார்கள். அந்தப் புத்தியில் பாதி, ஓப்செற் மெஷின் மட்டும் ஓடிய காலத்துக்கு உரியது. மீதி எந்தக் காலத்துக்கும் உரியதல்ல. ஆயிரம் அடிக்கிற வேலையில் நூறு பழுதானாலும் சமாளிக்கலாம். ஐம்பது அடிக்கும்போது ஒரு பிழை என்றால் ஐம்பதும் போச்சு. அதனால் சின்ன ஓடருக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

"ஐந்நூறுக்குக் குறைய ஒருத்தரும் அடிச்சுத் தரமாட்டாங்கள்."

இதைச் சொன்ன அச்சகத்தார் பேராசையில் சொல்லவில்லை. ஓப்செற்றில் நாலு நிற வேலைக்கு நாலு பிளேற் எடுக்க வேண்டும். அவற்றைப் பூட்டி, மையைச் சரிக்கட்டி, நிறம் நிலைக்கும் வரைக்கும் ஓடுகிற தாள் எல்லாம் கழிவு. ஐம்பது அடித்தாலும் ஐயாயிரம் அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். கொட்டாஞ்சேனையும் அதை ஒட்டிய கிராண்ட்பாஸும் அச்சுத் தொழிலுக்குப் பழகிய பகுதிகள். 1930இல் தொடங்கிய வீரகேசரி நெடுங்காலம் கிராண்ட்பாஸ் வீதியிலிருந்துதான் வெளிவந்தது. அந்தப் பழக்கத்தின் கணக்குத்தான் ஐந்நூறு.

டிஜிட்டல் மெஷினுக்குப் பிளேற் இல்லை. ஐம்பதும் அடிக்கலாம், பன்னிரண்டும் அடிக்கலாம். ஆனால் ஓப்செற்றில் போல எண்ணிக்கை கூடக் கூட ஒன்றின் விலை சடாரென்று இறங்காது. சில ஆயிரம் தேவையென்றால் இன்றைக்கும் ஓப்செற்றே கட்டும்.

பலர் கேட்கத் தவறுகிற கணக்கு ஒன்று இருக்கிறது. டிஜிட்டலில் வழமையாக ஓடும் பெரிய தாள் 320க்கு 450 மில்லிமீற்றர். 95 மில்லிமீற்றர் சதுரக் கோஸ்டரைச் சுற்றி வெட்டுக்கு 3 மில்லிமீற்றர் விட்டால், நீளத்தில் நாலும் அகலத்தில் மூன்றுமாகத் தாளுக்குப் பன்னிரண்டு பிடிக்கும். நீங்கள் ஐம்பது கேட்டால் ஐந்து தாள் ஓட வேண்டும். ஐந்து தாளில் அறுபது வரும். "அண்ணே, ஒரு தாளில எத்தனை பிடிக்கும்?" என்று முதலில் கேளுங்கள். அதன் மடங்கில் ஓடர் கொடுத்தால் பத்துக் கோஸ்டர் ஏறக்குறைய சும்மா கிடைக்கும்.

சதுரம் என்றால் கட்டிங் மெஷினில் நேரே வெட்டி விடலாம். வட்டத்துக்கும் வேறு வடிவங்களுக்கும் பலகையில் உருக்குத் தகடு பதித்த டை வேண்டும். வட்ட டை பல இடங்களில் ஏற்கெனவே செய்து வைத்திருப்பார்கள். கையில் இருக்கிற அளவைக் கேட்டு, அதற்கேற்ப டிசைனைச் செய்வது புத்தி. யாழ் வடிவில்தான் வேண்டும் என்று நின்றால் டைக்குத் தனிக் காசு. அதை ஐம்பதால் பிரித்துப் பார்த்துவிட்டுப் பிடிவாதம் பிடிக்கலாம்.

"லமினேற் பண்ணினால்தான் தரம், தண்ணியும் தாங்கும்."

கோஸ்டர் விஷயத்தில் இதைவிடப் பிழையான புத்தி கிடையாது. கோஸ்டரின் வேலை தண்ணீரைத் தாங்குவதல்ல, குடிப்பது. 1892இல் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் ரொபேர்ட் ஸ்புத் என்பவர் காப்புரிமை எடுத்த கோஸ்டர் மரக்கூழை அச்சில் ஊற்றிக் காயவைத்த வட்டம். விட்டம் 107 மில்லிமீற்றர், தடிப்பு 5 மில்லிமீற்றர். பியர் வழிந்தால் உறிஞ்ச வேண்டும் என்பதுதான் அதன் வேலை. இன்றைய கூழ் அட்டை 1.2 முதல் 1.5 மில்லிமீற்றர் வரை மெலிந்துவிட்டது. வேலை மாறவில்லை.

கொழும்பில் இது இன்னும் முக்கியம். இங்கே காற்றின் ஈரம் குளிர்ந்து துளியாகத் தொடங்கும் வெப்பநிலை ஆண்டின் பெரும்பகுதியில் 23, 24 பாகையைச் சுற்றியே நிற்கிறது. ஐஸ் போட்ட ஜூஸ் கிளாஸ் அதைவிட எவ்வளவோ குளிர். குளிரூட்டி ஓடாத மண்டபத்தில் மேசையில் வைத்த சில நிமிடங்களில் கிளாஸ் வியர்த்து வழியும். லமினேற் செய்த அட்டையில் அந்தத் தண்ணீர் போக இடமில்லாமல் தேங்கும். கிளாசைத் தூக்கினால் அட்டையும் ஒட்டிக்கொண்டு கூடவே வரும், வாய்க்குக் கிட்டப் போனதும் கழன்று விழும். எங்கே விழும் என்பது கூறைச் சேலை உடுத்து வந்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு கோளாறும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் லமினேற் செய்த அட்டையின் மறுபக்கம் காற்றின் ஈரத்தை இழுத்து விரியும், பிளாஸ்ரிக் ஒட்டிய பக்கம் விரியாது. அட்டை பிளாஸ்ரிக் பக்கமாகச் சுருண்டு கிண்ணம் போல் எழும்பும். அச்சகத்தில் தட்டையாக வாங்கிய கட்டு ஒரு கிழமையில் இப்படியானால் அச்சடித்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கடற்காற்றுக்குத் திறந்த வெள்ளவத்தை வீடுகளில் இது சீக்கிரமே நடக்கும்.

ஒரு இரவுக்கு மட்டும் என்றால் பூச்சில்லாத தடித்த அட்டை அல்லது கூழ் அட்டை போதும். கூழ் அட்டை டிஜிட்டல் மெஷினுக்குள் போகாது. பெரும்பாலான மெஷின்கள் 300, 350 ஜிஎஸ்எம் வரைதான் இழுக்கும். ஆகவே மெல்லிய தாளில் அடித்துத் தடித்த அட்டையில் ஒட்டித் தருவார்கள். எந்தத் தாள், எந்த அட்டை, என்ன பசை என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

கபே மேசையில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டுமென்றால் கதை வேறு. பிளேன்ரீயும் நெஸ்கபேயும் வியர்ப்பதில்லை. அங்கே சூடும் துடைப்பும்தான் பிரச்சினை. கோர்க் நல்லது, ஆனால் முழுக்க இறக்குமதி. பூச்சுப் பூசிய எம்டிஎப் பலகையில் சப்ளிமேஷன் அச்சு பண்ணினால் ஒன்றே ஒன்றுகூட அடிக்கலாம். ஏறக்குறைய 200 பாகைச் சூட்டில் சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்குவதால் ஈரத்துணியால் துடைத்தாலும் போகாது. சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை என்பது பலகையின் வெள்ளைதான். ஓரம் மட்டும் மூடப்படாத பலகை. கழுவும் தொட்டிக்குள் போட்டால் ஊதிவிடும், வேலைக்கு நிற்கிற தம்பிக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். ஊர் மணம் வேண்டுமென்பவர்கள் பனையோலையில் பின்னியதை வாங்கலாம். அதில் லோகோ நேராக அச்சாகாது, சின்ன அட்டை கட்டித் தொங்கவிடலாம். பரிசாகக் கொடுக்க எனக்குப் பிடித்தது அதுதான்.

"லோகோவை வட்ஸ்அப்பில அனுப்பிட்டன், காணும்."

காணாது. வட்ஸ்அப் படத்தை நசுக்கித்தான் அனுப்பும். 95 மில்லிமீற்றர் அகலத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் குறைந்தது 1,122 புள்ளி வேண்டும். விசிற்றிங் கார்டைப் போனில் படம் பிடித்து அனுப்பி "இதைக் கொஞ்சம் தெளிவாக்கிப் போடுங்கோ" என்பவர்களுக்கு அச்சகத்தார் லோகோவைப் புதிதாக வரைய வேண்டியிருக்கும், அதற்கும் காசு. லோகோ வரைந்தவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி, மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பில் 'டொக்கியுமென்ற்' ஆகவோ அனுப்புங்கள்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் தமிழ் எழுத்து. இங்கே நெடுங்காலம் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சுச் செய்தோம். பாமினி ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. அது இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் மணமக்கள் பெயருக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியல் வரும். யூனிகோட்டில் தட்டச்சுச் செய்தால் அந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை உண்டு. டிசைன் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான தெரிவை இயக்கி வைக்காவிட்டால் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கொட்டாஞ்சேனையில் 'கொ'வும் 'சே'யும் உடையும், வெள்ளவத்தையில் 'வெ' உடையும். தமிழ் தெரியாத டிசைனருக்கு அது பிழையாகவே தெரியாது. சிங்கள எழுத்துக்கும் இதே கொம்பு நோய் உண்டு, மும்மொழியில் பெயர் போடுகிறவர்கள் இரண்டையும் பார்க்க வேண்டும்.

மருந்து எளிது. எழுத்துப் பிழை பார்த்து முடித்தபின், எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிப் பிடிஎப் ஆக்கித் தரச் சொல்லுங்கள். அச்சகத்தில் 'கேர்வ் ஆக்கிறது' என்பார்கள். மாற்றியபின் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது, அதனால் முதலில் திருத்தம், பிறகு மாற்றம். கடைசியாக ஒன்றே ஒன்றை அடித்துக் காட்டச் சொல்லி, தமிழ் வாசிக்கிற ஒருவர் அதைக் கையில் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்த பிறகு மிச்சத்தை ஓட விடுங்கள். போன் திரையில் பார்த்து "ஓகே" சொல்வது திருத்தம் பார்ப்பது ஆகாது.

"திரையில தெரியிற தங்க நிறம் அப்படியே வரும்."

வராது. சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையைக் கலந்து தங்கத்தின் மினுக்கத்தை உண்டாக்க முடியாது. வருவது கடுகு நிறம். செட்டியார் தெரு நகைக்கடைக்காரர்கள் இதை அறிந்தே போயில் என்ற மினுங்கும் மென்தகடு வைத்து அடிக்கக் கேட்பார்கள். போயிலுக்கு வேறு அச்சு, வேறு செலவு. திரையின் மின்னும் நீலமும் மைக்கு வந்தால் மங்கும்.

கியூஆர் போடுவதையும் ஒரு சொல்லில் முடிக்கிறேன். நடுவில் போட்டால் கிளாஸ் மறைக்கும், ஓரத்தில் போட்டால் வெட்டில் போகும். சதுரக் கோஸ்டரின் மூலையில் 2 சென்ரிமீற்றருக்குக் குறையாமல், சுற்றி வெள்ளை விட்டுப் போடலாம். மெனுவுக்கு மட்டும் சரி. காசு கட்டும் கியூஆரை எவரும் எடுத்து மாற்றக்கூடிய அட்டையில் போடுவது சரியில்லை.

"சாராயக் கொம்பனியிடம் கேட்டால் கோஸ்டரைச் சும்மா அடிச்சுத் தருவான்."

வெளிநாட்டுப் படங்களில் பார்த்த பழக்கம் இது. பிரித்தானியாவில் 1920இல் வொட்னி மதுவடிப்பகம் தன் பியரை விளம்பரப்படுத்தத்தான் கோஸ்டரைக் கொண்டுவந்தது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் மதுசார விளம்பரத்தையும் அனுசரணையையும் தடை செய்கிறது. பழைய மாணவர் இராப்போசனத்தில் மது பரிமாறலாமா என்பது சங்கத்தின் பாடு. மதுவகைப் பெயர் போட்ட கோஸ்டரை மேசை மேசையாக வைப்பது சட்டத்தின் பாடு. உங்கள் சங்கத்துப் பெயரைப் போடுங்கள்.

"சின்ன ஓடர்தானே, நாளைக்கே தருவாங்கள்."

எண்ணிக்கை சிறிது என்பதால் வேலைப் படிகள் குறைவதில்லை. ஒட்டினால் பசை காய வேண்டும், டை என்றால் அதற்குரிய மெஷின் ஓய வேண்டும். கார்த்திகை மார்கழியில் கலண்டரும் டயறியும், முகூர்த்த மாதங்களில் அழைப்பிதழும் வரிசையில் நிற்கும். இடையில் போயா வந்தால் அன்றைக்கும் பூட்டு. இரண்டு கிழமை முன்பே போங்கள்.

விலையை வாயால் கேட்டதோடு விடாமல் எழுத்தில் வாங்குங்கள், எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதையும் போடச் சொல்லுங்கள். நல்ல அட்டை கப்பலில்தான் வருகிறது. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போன நாடு இது, பழைய விலையை நம்பி யாரும் அச்சடித்துத் தர முடியாது. 2024 ஜனவரி 1 முதல் வற் வரி 18 வீதம். பதிவு செய்த அச்சகமானால் சொன்ன விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று முற்பணம் கட்டுமுன் கேளுங்கள்.