"2020 மாடல்" என்றால் எந்த 2020? பழைய கார் வாங்க எக்ஸெல்லில் ஒரு கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் எக்ஸெல் ஐகானை ஒரே ஒரு முறை கிளிக் செய்திருப்பார்கள். கட்டம் கட்டமாக வந்ததும், "இது ஆபீஸ்காரர்கள் சமாச்சாரம்" என்று மூடியிருப்பார்கள். வீட்டில் அதற்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்காக இந்த மாதம் ஒரு நிஜக் கணக்கைச் செய்து பார்க்கப் போகிறோம். பழைய கார் வாங்கும் கணக்கு. எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமிலும் இதையே செய்யலாம். கீழே வரும் ஃபார்முலாக்கள் எல்லாம் இரண்டிலும் வேலை செய்யும்.

அரியலூரில் இருக்கும் என் சித்தி மகனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை. தரையோடு ஒட்டிப் போகும் நிஜமான ஸ்போர்ட்ஸ் கார் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் எங்கள் சாலையில் முதல் பள்ளத்திலேயே வயிற்றைத் தேய்த்துக்கொள்ளும். அதனால் அவன் ஆசைப்பட்டது ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. பார்க்கச் சாதாரண ஹேட்ச்பேக்தான், ஆனால் உள்ளே டர்போ பெட்ரோல் எஞ்சின். போலோ விற்பனை இந்தியாவில் 2022-ல் நின்றுவிட்டதால், வேண்டும் என்றால் செகண்ட் ஹேண்டுதான். சித்தி சீட்டு எடுத்த பணத்தையும் அவனுடைய சேமிப்பையும் சேர்த்துக் கையில் ஆறு லட்சம் வைத்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பெரம்பலூர் வீட்டில் இருந்தபோது போன் வந்தது. "அண்ணே, ரெண்டு 2020 மாடல் வந்திருக்கு. ஒண்ணு அஞ்சு தொண்ணூறு, இன்னொண்ணு ஏழு பத்து. ரெண்டும் ஒரே வண்டி, ஒரே வருஷம். அஞ்சு தொண்ணூறு வண்டிக்கு இன்னைக்கே இருபதாயிரம் அட்வான்ஸ் போடச் சொல்றாரு. போட்டுடவா?"

ஒரே வண்டி, ஒரே வருஷம், விலையில் மட்டும் 1,20,000 ரூபாய் வித்தியாசம். எங்கோ ஒரு கட்டம் நிரப்பப்படாமல் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ராத்திரி வரை பொறுக்கச் சொன்னேன். இதுவரை பார்த்த எல்லா வண்டிகளின் ஆர்.சி., இன்ஷூரன்ஸ் போட்டோக்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். நான்கு வண்டிகள் வந்தன.

ஒரு காருக்கு மூன்று ஆண்டுகள்

நம் ஊரில் "மாடல்" என்று சொல்வது பெரும்பாலும் ரெஜிஸ்டர் ஆன ஆண்டைத்தான். ஆனால் ஒரு காருக்கு உண்மையில் மூன்று ஆண்டுகள் இருக்கலாம். தொழிற்சாலையில் செய்த மாதமும் ஆண்டும் ஒன்று. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவான தேதி இன்னொன்று. இவை இரண்டும் ஆர்.சி.யில் தனித்தனியாக இருக்கும். மூன்றாவது, சேஸிஸ் எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் மாடல் ஆண்டு.

சேஸிஸ் எண்ணில் 17 எழுத்துகளும் எண்களும் கலந்திருக்கும். பல கம்பெனிகள் அதில் 10-வது இடத்தை ஆண்டுக்காக ஒதுக்குகின்றன. டி என்றால் 2013, ஈ 2014, எஃப் 2015, ஜி 2016, ஹெச் 2017, ஜே 2018, கே 2019, எல் 2020, எம் 2021, என் 2022. ஹெச்சுக்கு அடுத்து ஐ வராமல் ஜே வருவதைக் கவனியுங்கள். ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழப்பம் வரக் கூடாது என்பதற்காக ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று எழுத்துகளையும் சேஸிஸ் எண்ணில் பயன்படுத்துவதே இல்லை. எனவே போட்டோவில் ஓ மாதிரித் தெரிந்தால் அது பூஜ்யம்தான். சில கம்பெனிகள் ஆண்டின் பிற்பகுதியில் செய்யும் வண்டிக்கே அடுத்த ஆண்டின் எழுத்தைப் போட்டுவிடுவார்கள். அதனால் இந்த எழுத்தைத் தனியாக நம்பாமல், ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதத்தைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

போலோ ஜிடி விஷயத்தில் இந்த வித்தியாசம் சின்னதல்ல. 2013-ல் வந்த ஜிடி டிஎஸ்ஐயில் 1197 சிசி எஞ்சின், 105 குதிரை சக்தி, 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். 2014 ஜூலையில் முகப்பு மாறியது, எஞ்சின் மாறவில்லை. 2020 மார்ச்சில் பி.எஸ். 6 விதிக்காக எல்லாமே மாறியது. 999 சிசி எஞ்சின், 110 குதிரை சக்தி, டிஎஸ்ஜிக்குப் பதிலாக 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். பின்னால் ஒட்டியிருந்த ஜிடி என்ற எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. (டீசலிலும் அதே ஜிடி எழுத்து உண்டு. அவன் டீசல் வேண்டாம் என்றதால் அதை விட்டுவிடுவோம்.)

கியர் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பழைய டிஎஸ்ஜியில் எண்ணெயில் மூழ்காத இரண்டு உலர் கிளட்சுகள். அவற்றை இயக்குவது மெக்கட்ரானிக் என்ற பகுதி, அதாவது கியர் பாக்ஸுக்கென்றே ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் பாகங்களும். ஹைவேயில் அருமையாக இருக்கும். லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் அரைகுறையாகப் பிடித்துச் சூடாகும். இந்த 7 கியர் டிஎஸ்ஜிக்காக 2013 நவம்பரில் உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் கார்களைக் கம்பெனி திரும்ப அழைத்து, கியர் பாக்ஸில் இருந்த சிந்தெடிக் எண்ணெயை எடுத்துவிட்டு மினரல் எண்ணெய் ஊற்றியது. டார்க் கன்வெர்ட்டரில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் திரவம் இருப்பதால் ஊர்ந்து போவது அதற்குப் பெரிய சிரமம் இல்லை. அரியலூரில் கார் ஓட்டப் போகிறவனுக்கு எது முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அட்டவணை போடுவோம்

எக்ஸெல்லைத் திறந்து முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ-யில் கார், பி-யில் விற்பவர் சொன்ன ஆண்டு, சி-யில் சேஸிஸ் எண், டி-யில் தயாரித்த மாதம், ஈ-யில் ரெஜிஸ்டர் ஆன தேதி, எஃப்-இல் சிசி, ஜி-யில் பி.எஸ். விதி, ஹெச்-இல் ஓடிய கிலோமீட்டர், ஐ-யில் விலை. இரண்டாவது வரிசையிலிருந்து வரிசைக்கு ஒரு கார்.

தேதி டைப் செய்யும்போதுதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். விண்டோஸில் ரீஜன் செட்டிங் அமெரிக்காவாக இருந்தால், நீங்கள் 01/07/2019 என்று ஜூலை முதல் தேதியை அடிப்பீர்கள், அது ஜனவரி 7 என்று எடுத்துக்கொள்ளும். சோதித்துப் பார்க்க ஒரு காலி செல்லில் 25/12/2019 என்று அடித்து என்டர் தட்டுங்கள். செல்லின் வலப்பக்கம் ஒட்டி நின்றால் தேதியாக ஏற்றுக்கொண்டது என்று பொருள். இடப்பக்கம் நின்றால் வெறும் எழுத்தாக நினைக்கிறது. உடனே கண்ட்ரோல் பேனல் போய் ரீஜனை இந்தியாவாக மாற்றிவிட்டு வாருங்கள். தயாரித்த மாதத்துக்குத் தேதி கிடையாது என்பதால் எல்லாக் கார்களுக்கும் 1-ஆம் தேதி என்றே போடுங்கள்.

இனி ஃபார்முலாக்கள். இங்கே படிக்க வசதியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும். முதலில் சேஸிஸ் எண் முழுதாக இருக்கிறதா என்று பார்க்க, ஏதாவது ஒரு காலி செல்லில் =லென்(சி2) என்று அடியுங்கள். 17 வர வேண்டும். வராவிட்டால் ஏதோ எழுத்தை விட்டுவிட்டீர்கள்.

ஜே2 செல்லில் =மிட்(சி2,10,1). சி2-இல் உள்ளதில் 10-வது இடத்திலிருந்து ஒரு எழுத்தை மட்டும் எடுத்துக் கொடு என்று அர்த்தம். அடுத்து, ஓரமாக என்1 முதல் என்10 வரை மேலே சொன்ன பத்து எழுத்துகளையும், அவற்றின் பக்கத்தில் ஓ1 முதல் ஓ10 வரை 2013 முதல் 2022 வரை ஆண்டுகளையும் அடியுங்கள். இப்போது கே2-வில் =வீலுக்கப்(ஜே2,$என்$1:$ஓ$10,2,ஃபால்ஸ்). ஜே2-வில் உள்ள எழுத்தைப் பட்டியலில் தேடி, பக்கத்தில் உள்ள ஆண்டைக் கொண்டுவந்து தரும். டாலர் குறிகளை விட்டுவிடாதீர்கள். விட்டால், ஃபார்முலாவைக் கீழே இழுத்து காப்பி செய்யும்போது பட்டியலும் ஒவ்வொரு வரிசையாக நழுவிவிடும்.

எல்2-வில் =டேட்டடிஃப்(டி2,ஈ2,"எம்"). வண்டி தயாரானதற்கும் பதிவானதற்கும் இடையே எத்தனை மாதம் என்று சொல்லும். எக்ஸெல்லில் இந்த ஃபங்ஷன் பட்டியலில் காட்டாது, முழுதாக அடித்தால் வேலை செய்யும். எம்2-வில் =ஈடேட்(ஈ2,180). சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும், அதாவது 180 மாதம். அது முடியும் தேதி வரும். தேதிக்குப் பதிலாக ஐந்து இலக்க எண் ஒன்று வந்தால் பயப்படாதீர்கள். செல்லின் ஃபார்மேட்டை டேட் என்று மாற்றினால் சரியாகிவிடும்.

அட்டவணை சொன்னது

முதல் கார் "2014 புது மாடல்" என்று சொல்லப்பட்டது. பதிவு 2014 செப்டம்பர், தயாரிப்பு ஏப்ரல். ஆகவே பழைய முகப்பு. இரண்டாவது 2016 வண்டி, சொன்னதும் காகிதமும் ஒத்துப்போயின, 92,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, விலை 4,40,000. நான்காவது, ஏழு பத்து கேட்ட வண்டி. தயாரிப்பு 2020 ஆகஸ்ட், பதிவு அக்டோபர், 999 சிசி, பி.எஸ். 6.

மூன்றாவதுதான் அட்வான்ஸ் கேட்ட வண்டி. ஆர்.சி. போட்டோவில் தயாரிப்பு மாதத்தின் மேல் யாரோ கட்டை விரலை வைத்திருந்தார்கள். வேண்டுமென்றா தற்செயலா, தெரியாது. ஆனால் சேஸிஸ் எண் தெளிவாக இருந்தது. மிட் எடுத்துக் கொடுத்த எழுத்து கே. இன்னொரு முறை போட்டோ கேட்டு வாங்கினோம். தயாரிப்பு 2019 ஜூலை, பதிவு 2020 பிப்ரவரி, 1197 சிசி, பி.எஸ். 4. எல் செல்லில் 7 மாதம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 4 வண்டிகளை விற்கவோ பதியவோ கூடாது என்று 2018 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தக் கெடு வருவதற்கு முன் பதிவான வண்டி அது.

ஆக, 2020 என்ற ஒரே ஆண்டுக்குள் எஞ்சின் வேறு, கியர் பாக்ஸ் வேறு என்று இரண்டு கார்கள். பதிவுத் தேதியை மட்டும் பார்த்தும் பிரிக்க முடியாது. ஏனென்றால் மார்ச் 31-க்குள் விற்று இணையத்தில் பதிவேற்றிய பி.எஸ். 4 வண்டிகளை அப்புறம் பதிய 2020 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. பிரித்துக் காட்டுவது சிசியும் பி.எஸ். எண்ணும்தான்.

அதனால் தலைப்பு வரிசையைத் தேர்வு செய்து, டேட்டா மெனுவில் ஃபில்டர் கிளிக் செய்யுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு அம்புக்குறி வரும். சிசி அம்புக்குறியில் 1197 மட்டும் டிக் செய்தால் மூன்று கார்கள் நிற்கும். அவற்றை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். விலைப்படி அடுக்க சார்ட் பயன்படுத்தும்போது ஐ வரிசையை மட்டும் தேர்வு செய்துவிடாதீர்கள். விலைகள் மட்டும் இடம் மாறி, ஒரு காரின் விலை இன்னொரு காருக்குப் போய்விடும். முழு அட்டவணையையும் தேர்வு செய்த பிறகே சார்ட்.

இஞ்சினியர்கள் வழக்கப்படி நான் முதலில் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்த்தேன். தம்பி கலருக்குப் பத்துக்குப் பத்து போட்டதால் சிவப்பு வண்டி ஜெயித்தது. அந்த ஷீட்டை அழித்துவிட்டேன். உங்களுக்கும் அது வேண்டாம்.

ஜிடி இல்லாமல் சாதாரண போலோ பார்ப்பவர்கள் ஏர்பேக் என்று இன்னொரு நெடுவரிசை சேருங்கள். 2014 ஜனவரியில் வெளியான குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத போலோவுக்கு ஒரு ஸ்டார்கூடக் கிடைக்கவில்லை. அதன் பிறகு பிப்ரவரியிலிருந்து எல்லா போலோவிலும் இரண்டு ஏர்பேக் கட்டாயமாக்கினார்கள். அங்கேயும் ஆண்டு ஒன்று, கார் இரண்டு.

பரிவாகன் இணையதளத்தில் மொபைல் எண் கொடுத்து நுழைந்து, வண்டி எண்ணை அடித்தால் பதிவுத் தேதி, பி.எஸ். விதி, இன்ஷூரன்ஸ் முடியும் தேதி, கடன் பாக்கி இருக்கிறதா என்பதெல்லாம் வரும். அட்வான்ஸ் போடும் முன் அதையும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். வண்டியை நேரில் பார்க்கும்போது, காரில் அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

மறுநாள் விற்பவரிடம் அட்டவணையின் பிரிண்ட் அவுட்டோடு போனோம். ஏழு பத்து வண்டி அதற்குள் கைமாறிவிட்டது, எப்படியும் அது தம்பியின் பட்ஜெட்டைத் தாண்டியதுதான். 2016 வண்டிக்குச் சர்வீஸ் பில் ஒன்றுகூட இல்லை. மூன்றாவது வண்டிக்குத் திருச்சியில் செய்த எல்லா சர்வீஸுக்கும் பில் இருந்தது. கிளட்ச் நிலையையும் மெக்கானிக்கை வைத்துப் பார்த்தோம். "இது 2019-ல் செய்த பழைய எஞ்சின் வண்டி, அந்த விலைக்குத்தான் வாங்குவோம்" என்றேன். அரை மணி நேரம் இழுபறி. 5,15,000-க்கு முடிந்தது. மிச்சப் பணத்தை டிஎஸ்ஜிக்கு ஏதாவது வந்தால் ஆகட்டும் என்று சித்தி பேரில் பேங்கில் போட்டுவிட்டான்.

திரும்பி வரும்போது கேட்டான், "ஒரு எழுத்துக்கு எழுபத்தஞ்சாயிரமாண்ணே?"

இப்போது அதே ஃபைலில் இரண்டாவது ஷீட் திறந்து, பெட்ரோல் போடும் தேதி, லிட்டர், கிலோமீட்டர் மூன்றையும் அவனே அடித்து வைக்கிறான். போன வாரம் மைலேஜ் கணக்கில் 140 வருகிறது என்று போன் செய்தான். கிலோமீட்டரில் ஒரு பூஜ்யம் கூடுதலாக அடித்திருக்கிறான்.