மோதிரத்துக்கு முன்பணம் வாங்காதே, தங்கச்சி!

பெண் பார்த்தாச்சு, இரண்டு வீட்டுக்கும் பிடித்தாச்சு, தட்டு மாற்ற நாளும் குறித்தாச்சு. அடுத்து உறவு முழுக்கக் கேட்கிற கேள்வி, "மோதிரம் எத்தனை சவரன்?" நம்ம காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தெருவில் நிச்சயம் என்றாலும் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் அதற்காக வாங்குகிற கடனைத் தறியில் உட்கார்ந்து அடைக்கப் போவது நீயும் மாப்பிள்ளையும்தான். அதனால் அக்கா தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்குக் கையில் இருக்கிற பணத்தில், யாரிடமும் கை நீட்டாமல் எது வாங்க முடியுமோ, அதுதான் உன் மோதிரம். இரண்டு மூன்று கிராம் தாராளம்.

விலையைக் கேட்டதும் ரூபாயாக நினைக்காதே, புடவையாகக் கணக்குப் போடு. ஒரு புடவை நெய்து இறக்கினால் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு கூலி நிற்கும், அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று உனக்குத் தெரியும். மோதிரத்தின் விலையை அந்தக் கூலியால் வகு. இத்தனை புடவை, இத்தனை வாரம் என்று ஒரு விடை வரும். அத்தனை வாரம் சோறு, வாடகை, மருந்து என்று எதற்குமே செலவில்லாமல் நெய்தால்தான் அந்த மோதிரம் உன்னுடையது. இந்தக் கணக்கை மாப்பிள்ளையையும் போடச் சொல். 2025 அக்டோபரில் சென்னையில் தங்கம் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியது. நம் கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. அம்மா கல்யாணத்தில் ஒரு சவரன் போட்டார்கள் என்பதற்காக உனக்கும் ஒரு சவரன் என்று பேசுவது, இந்த விலையில் நியாயமே இல்லை.

முன்பணம் விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். கல்யாணச் செலவு என்றதும் நம் தெருவில் முதலில் கால் போகிற இடம் முதலாளி வீடு. பணம் அன்றைக்கே கிடைத்துவிடும், பத்திரம் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் அது தீருகிற வரைக்கும் அவருக்கேதான் நெய்யணும். பக்கத்துத் தெருவில் கூலி கூட்டிக் கொடுத்தாலும் போக முடியாது, குறைத்துக் கொடுத்தாலும் வாய் திறக்க முடியாது. பட்டுத் தொழிலில் இப்படி முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட குடும்பங்களைப் பற்றியும், அந்தக் கடனுக்காகவே தறியில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றியும் 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஓர் அறிக்கையே வெளியிட்டது. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளும் அதில் இருக்கின்றன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. பிள்ளைகளைத் தறிக்கு அனுப்புகிற வழக்கம் இன்றைக்கு எவ்வளவோ குறைந்திருக்கிறது. முன்பணப் பழக்கம் மட்டும் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு, பிரசவத்துக்கு என்று வாங்கினால் வேறு வழியில்லை என்று அக்காவும் வாய் மூடிக்கொள்வேன். ஒரு நாள் போட்டோவுக்காக வாங்கக் கூடாது.

அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்?

நம் ஆயா காலத்தில் பல வீடுகளில் நிச்சயத்துக்கு மோதிரமே கிடையாது. வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றி, லக்கினப் பத்திரிகை வாசித்தால் முடிந்தது. கல்யாணத்துக்குத் தாலி, கூறைப்புடவை, காலுக்கு வெள்ளியில் மெட்டி. மணமக்கள் மோதிரம் மாற்றிக்கொள்வது நம் பக்கத்தில் பரவியது பிற்பாடுதான். பரம்பரை வழக்கம், குறைத்தால் குற்றம் என்று யாராவது சொன்னால் பயப்படாதே.

வைர மோதிரம் கொடுத்தால்தான் காதல் என்பதும் எங்கோ எழுதப்பட்ட விளம்பரம். டி பீர்ஸ் வைரக் கம்பெனிக்காக 1947-இல் பிரான்சிஸ் ஜெரட்டி என்ற பெண், வைரம் என்றென்றைக்கும் நிலைக்கும் என்ற பொருளில் ஒரு வரி எழுதினார். மாப்பிள்ளையின் இத்தனை மாதச் சம்பளம் மோதிரத்துக்கு என்கிற அளவுகோலும் அந்தக் கம்பெனியின் விளம்பரங்கள் பரப்பியதுதான். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகப் பொருளாதார ஆசிரியர்கள் ஆண்ட்ரூ பிரான்சிஸ், ஹ்யூகோ மியாலன் இருவரும் கல்யாணமான 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மோதிரத்துக்கு 2,000 முதல் 4,000 டாலர் வரை செலவழித்த ஆண்களுக்கு, 500 முதல் 2,000 டாலரோடு நிறுத்திக்கொண்டவர்களைவிட விவாகரத்து வாய்ப்பு 1.3 மடங்கு இருந்ததாம். மோதிரம்தான் பிரித்தது என்று அதற்கு அர்த்தமில்லை. விலை கூடினால் வாழ்க்கை உறுதிப்படும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

நம்ம ஊரில் பிறந்த அண்ணா செய்ததை இன்னும் பெருமையாகச் சொல்லலாம். அவர் முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் இந்து திருமணச் சட்டத்துக்கு ஒரு தமிழ்நாட்டுத் திருத்தம் கொண்டுவந்தார். அதில் வந்த 7ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர்கள் அல்லது வேறு ஆட்கள் முன்னால் இருவரும் ஒருவரையொருவர் துணையாக ஏற்கிறோம் என்று சொன்னாலும், மாலை மாற்றிக்கொண்டாலும், ஒருவர் விரலில் மற்றவர் மோதிரம் போட்டாலும், தாலி கட்டினாலும் கல்யாணம் செல்லும். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை உறுதிசெய்து பேசியது. அந்தச் சட்டத்தில் மோதிரம் இருக்கிறது. தங்கமா பித்தளையா, எத்தனை கிராம் என்ற பேச்சே இல்லை. எந்த விரலில் போட்டாலும் சரி. சட்டப்படி நீ தவறவிடக் கூடாதது கல்யாணப் பதிவுதான். 2009-இல் வந்த தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்துவிடு.

நம் கைக்கு எது சரி?

நகைக்கடைக்காரருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். பட்டில் கை வைக்கிறவளுக்குத் தூக்கலான கல் மோதிரம் ஆகவே ஆகாது. கல்லைப் பிடித்திருக்கிற கொக்கிகள் பாவிழையில் மாட்டும். அறுந்த இழையைப் பிணைக்கும்போது, புடவையை மடிக்கும்போது ஒரு இழுப்பு போதும். ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் சுற்றிய வெள்ளிக் கம்பிக்குத் தங்க முலாம் போட்டது. கொக்கி பட்டால் அந்தச் சுற்று பிரிந்து நிற்கும். புடவையில் பழுது என்றால் கூலியில் பிடிப்பார்கள். நிச்சயத்தன்று நீ கட்டப் போகிற பட்டுக்கும் இதே கதிதான். ஆசையாக வாங்கிய மோதிரத்தைத் தறிக்கு உட்காரும் முன் கழற்றி வைத்து, எங்கே வைத்தோம் என்று தேடுகிற பிழைப்பு எதற்கு? விளிம்பு உருட்டிய வழவழப்பான வளைய மோதிரம் வாங்கு. கல் வேண்டும் என்றால் தங்கத்துக்குள் பதித்து மேலே தடவினால் தட்டாத க்ளோஸ் செட்டிங் கேள். உள்பக்கம் இருவர் பெயரின் முதல் எழுத்தையும் பொறிக்கச் சொன்னால் அதுவே அழகு.

இனி காந்தி ரோட்டு நகைக்கடைக்குப் போகும்போது போட வேண்டிய கணக்கு. கிராம் 11,000 என்று வைத்துக்கொள்வோம். 3 கிராம் சாதா மோதிரம், தங்கம் 33,000. சேதாரம் 12 சதவீதம் என்றால் 3,960. அதன் மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம். மொத்தம் 38,100 பக்கம் வரும். 8 கிராமில் வேலைப்பாடு மோதிரம் எடுத்தால் தங்கம் 88,000, சேதாரம் 20 சதவீதம் என்றால் 17,600, ஜிஎஸ்டியோடு 1,08,768. மறுநாளே விற்றாலும் தங்கத்தின் விலைதான் கையில் வரும், அதிலும் கழிவு போட்டால் இன்னும் குறையும். முதல் மோதிரத்தில் போவது 5,000 சொச்சம். இரண்டாவதில் 20,000-க்கு மேல், கிட்டத்தட்ட 2 கிராம் தங்கத்தின் விலை. அடகு வைக்கிற நாளிலும் தங்கத்தின் எடைக்குத்தான் பணம். கல்லையும் வேலைப்பாட்டையும் எந்த பேங்கும் தட்டில் சேர்க்காது. அதனால் பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா பார். கல் எடைக்குத் தங்க விலை போட்டிருந்தால் அங்கேயே கேட்டுவிடு.

ஹால்மார்க்கில் மூன்று குறி இருக்கணும். பிஐஎஸ் முத்திரை, 22 கேரட்டுக்கு 916 என்ற எண், எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க ஹெச்யுஐடி. 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஹெச்யுஐடி இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. போனில் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் விவரம் வரும். பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடு. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. ஒன்றரை கிராமில் வாங்குவதாக இருந்தால் முத்திரை கேட்டு வாங்கு, இல்லையென்றால் 2 கிராமைத் தாண்டி எடு.

வைரத்தில் ஆசை இருந்தால் லேபில் வளர்த்த வைரம் கேட்டுப் பார். அதுவும் வைரமேதான், கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது, விலையோ பல மடங்கு குறைவு. ஏ.டி. கல், அதாவது அமெரிக்கன் டைமண்ட் என்பது வேறு, அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதே. எந்த வைரமானாலும் சர்டிபிகேட் வாங்கு, திரும்ப விற்று லாபம் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதே. பிளாட்டினம் ஜோடி மோதிரம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அவசரத்துக்குத் தங்கக் கடன் கொடுக்கிற பேங்கில் அது செல்லாது. நம்மைப் போன்ற வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சம்பந்தி வீட்டில் எப்படிப் பேசுவது?

இதைக் கடைசி வரைக்கும் தள்ளிப் போடுவதால்தான் செலவு ஏறுகிறது. நீயும் மாப்பிள்ளையும் முதலில் பேசி ஒரே எடையில் இரண்டு மோதிரம் என்று முடிவெடுங்கள். பிறகு அவர் தன் அம்மாவிடம் சொல்லட்டும், நீ அப்பாவிடம் சொல். "அத்தை, நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கு மூணு கிராம்னு பேசிக்கிட்டோம். மிச்சத்தை வீட்டு அட்வான்ஸுக்கு வச்சிருக்கோம்" என்று மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலான பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்கள். உன் வாயால் கேட்டால் கௌரவக் குறைச்சலாகத் தெரிவது, அவர் வாயால் கேட்டால் பிள்ளையின் ஆசையாகிவிடும்.

மாப்பிள்ளைக்கு நிச்சய மோதிரம், மணவறையில் மச்சினன் போடுகிற மோதிரம், குடத்துக்குள் போட்டுத் தேடுகிற மோதிரம் என்று பட்டியல் வளரும். தம்பி போடுகிற மோதிரத்தையே நிச்சய மோதிரமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேள். குடத்து விளையாட்டுக்கு வெள்ளி மோதிரம் போதும், சிரிப்பு ஒன்றும் குறையாது. வீட்டில் ஆயாவின் பழைய மோதிரம் இருந்தால் பாலிஷ் போட்டு, அளவு திருத்திப் போட்டுக்கொள். அதைப் பழசு என்று சொல்கிறவர்களைக் கண்டுகொள்ளாதே. முத்திரை இல்லாத பழைய தங்கத்தை ஹால்மார்க் மையத்தில் சிறு கட்டணத்துக்குச் சோதித்துத் தருவார்கள்.

"மாப்பிள்ளைக்கு ஒரு சவரன் மோதிரம் போடணும்" என்று அந்தப் பக்கத்திலிருந்து நிபந்தனையாக வந்தால், அது வேறு விஷயம். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி கேட்பதே குற்றம், பொருள் மோதிரமாக இருந்தாலும். அப்பா கௌரவம் பார்த்து ஒத்துக்கொள்வதற்கு முன் அக்காவுக்கு ஒரு போன் போடு. மாமாவையும் கூட்டிக்கொண்டு நானே வந்து பேசுகிறேன். நாமாக விருப்பத்தோடு போடுகிற நகைகளையும் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட பட்டியலாக எழுதி வை. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 1985 விதிகள் அப்படித்தான் எழுதச் சொல்கின்றன.

அளவு கொடுக்கும்போது சாயங்காலம் கொடு. காலையில் விரல் ஒடுங்கியும், வேலை முடிந்த நேரத்தில் கொஞ்சம் வீங்கியும் இருக்கும். கர்ப்பமாக இருக்கும்போதும் விரல் வீங்கும், அப்போது இறுகுவதற்கு முன்பே கழற்றிவிடு. வளையம் முழுக்கக் கல் பதித்த மோதிரத்தைப் பெரிதாக்குவது கஷ்டம், சாதா வளையத்தைப் பத்தர் எளிதில் பெரிதாக்கித் தருவார். கடை பில்லை வெயில் படாத இடத்தில் வை. சில பில்களில் எழுத்து ஒரே வருஷத்தில் மங்கிப் போகிறது. அன்றைக்கே போட்டோ எடுத்து எனக்கும் ஒன்று அனுப்பிவிடு.