ஈவும் மதிப்பும்

பொருளீட்டும் நெறிகள் பலவற்றுள், பிறர் நடத்தும் தொழிலில் பங்கு கொண்டு அதன் ஊதியத்தில் ஒரு கூறு பெறுதலும் ஒன்றாகும். பங்கு என்பது சந்தையில் நாடோறும் ஏறியிறங்கும் வெறும் எண் அன்று. அஃது ஒரு தொழிலின் உடைமையிற் சிறியதொரு துண்டு. இன்று வாங்கி நாளை விற்கும் வேட்கையுடையாரைப் பற்றி யாம் ஈண்டு எழுதப் புகுந்திலேம். பதினைந்து, இருபது ஆண்டுகள் பங்கினை விடாது வைத்திருக்கக் கருதுவோர் கைக்கொள்ளும் இரு நெறிகளையும், அவற்றுள் ஒன்று மற்றொன்றின் குறையை நிரப்புமாற்றையும் ஆராய்தலே எம் நோக்கம்.

ஒரு சாரார் ஈவு நோக்குவோர். கம்பெனி தன் இலாபத்திலிருந்து ஆண்டுதோறும் பகிர்ந்தளிக்கும் ஈவுத்தொகையே இவர்க்குப் பெரிது. மற்றொரு சாரார் மதிப்பு நோக்குவோர். ஒரு தொழிலின் உடைமைகளையும் சம்பாத்தியத்தையும் கணக்கிட்டு, அதன் உண்மை மதிப்பு இவ்வளவு எனத் துணிந்து, சந்தை விலை அம்மதிப்பினும் மிகத் தாழ்ந்திருக்கும்போது மட்டுமே இவர் வாங்குவர். முன்னவர் கைக்கு வருவதை எண்ணுகின்றனர். பின்னவர் கொடுப்பதை எண்ணுகின்றனர்.

மதிப்பு நெறிக்கு ஆசிரியராக விளங்கியவர் 1894-ஆம் ஆண்டில் இலண்டனிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பெஞ்சமின் கிரகாம். கொலம்பியா பல்கலைக்கழகத்திற் பயிற்றிய இவர், டேவிட் டாட் என்பாருடன் கூடி 1934-ஆம் ஆண்டில் பத்திரங்களை ஆராயும் முறை பற்றிய பெருநூலையும், 1949-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கென எளியதொரு நூலையும் வெளியிட்டார். மதிப்பிற்கும் விலைக்கும் இடையே ஒரு காப்பு இடைவெளி வேண்டும் என்பது இவர் கொள்கையின் உயிர்நிலை. நம் கணக்குப் பிழைத்தாலும் முதல் அழியாதிருத்தற்கு அவ்விடைவெளி அரணாகும். ஊதியத்தினும் முதலைக் காத்தலே முந்தியது என்பதைத் திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' படித்த தமிழ் மாணவர்க்கு யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஈவின் வரலாறோ இதனினும் பழைமையுடையது. 1602-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்தில் நிறுவப்பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, அதாவது பின்னாளில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கொண்டிருந்த டச்சுக் கம்பெனி, தன் பங்காளிகட்கு முதல் ஈவினை 1610-ஆம் ஆண்டிலேயே அளித்தது. அதுவும் பணமாக அன்று, ஜாதிபத்திரியாக! எட்டு ஆண்டு காத்திருந்தோர் கறிமசாலைப் பண்டத்தைப் பெற்று, அதனை எங்கே விற்பது என்று திகைத்திருப்பர். அதற்கு முந்திய ஆண்டிலேயே ஐசக் லெ மேர் என்னும் பங்காளி கம்பெனி நிர்வாகிகளைக் கண்டித்து விண்ணப்பம் ஒன்று எழுதினார். முதல் போட்டவன் ஒருவன், அதனை ஆள்பவன் வேறொருவன் என்னும் நிலை தோன்றிய அன்றே இவ்வழக்கும் தோன்றிவிட்டது.

இனி, ஈவு மட்டும் நோக்குவார்க்கு நேரும் இடரைக் காண்போம். நூறு ரூபாய் விலையுள்ள பங்கு ஐந்து ரூபாய் ஈவு தருமாயின் வீதம் நூற்றுக்கு 5. தொழில் நலிந்து பங்கின் விலை நாற்பது ரூபாயாக வீழ்ந்தால், அதே ஐந்து ரூபாய் நூற்றுக்கு 12½ வீதமாகக் காட்சியளிக்கும். நோய் முற்றிய உடலின் வீக்கத்தைக் கொழுமை எனக் கருதுவார் போல, இதனைக் கண்டு மகிழ்ந்து வாங்குவார் உளர். ஒளிப்படச் சுருள் விற்று உலகெங்கும் புகழ் பெற்ற கோடாக் கம்பெனி, சுருளே வேண்டாத புதிய ஒளிப்படக் கருவிகள் பரவியபின் மெலிந்து, 2009-ஆம் ஆண்டில் ஈவினை நிறுத்தியது. 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் கடனைத் தீர்க்கமாட்டாது நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. பழைய ஈவுப் பட்டியலை மட்டும் பார்த்து அதன் பங்கினை வைத்திருந்தோர் ஈவையும் இழந்தனர், முதலையும் இழந்தனர்.

மதிப்பு மட்டும் நோக்குவார்க்கும் இடர் உண்டு. ஆனால் அது வெளிப்படத் தோன்றாது. பெட்டியில் பொன் நிறைந்திருத்தல் மெய்யே. பெட்டியின் திறவுகோல் பிறர் கையில் இருக்குமாயின் என் செய்வது? இதற்குக் கிரகாமின் வாழ்விலேயே சிறந்ததோர் எடுத்துக்காட்டு உளது.

ஸ்டாண்டர்டு ஆயில் என்னும் பெருங்கம்பெனி 1911-ஆம் ஆண்டில் நீதிமன்ற ஆணையாற் பல கூறாகப் பிரிக்கப்பட்டது. அவ்வாறு பிரிந்தவற்றுள் எண்ணெயைக் குழாய்வழி கொண்டுசெல்லும் சிறு கம்பெனிகளும் இருந்தன. 1926-ஆம் ஆண்டில் கிரகாம் வாஷிங்டன் நகருக்குச் சென்று, அக்கம்பெனிகள் அரசாங்கக் குழு ஒன்றற்கு அனுப்பியிருந்த அறிக்கைகளை எடுத்துப் படித்தார். பிறர் எவரும் அவற்றைப் படிக்க முயன்றதாகத் தெரியவில்லை. அவற்றுள் நார்தர்ன் பைப் லைன் என்னும் கம்பெனியின் ஐந்தொகை அவரை வியக்கச் செய்தது. அதன் பங்கு சந்தையில் சுமார் 65 டாலருக்கு விற்றது. ஆண்டு ஈவு 6 டாலர், அதாவது நூற்றுக்கு 9-க்கு மேல். அதுவே நல்ல வருவாய். ஆனால் பங்கு ஒன்றுக்குச் சுமார் 95 டாலர் பெறுமான கடன் பத்திரங்கள் கம்பெனியின் பெட்டகத்தில் வாளா கிடந்தன! குழாய்களையும் தொழிலையும் கணக்கிலேயே சேர்க்காமல், 95 டாலரை 65 டாலருக்கு வாங்கலாம் என்பது இதன் பொருள்.

கிரகாம் பங்குகளை வாங்கினார். நியூயார்க்கில் நிர்வாகிகளைக் கண்டு, தொழிலுக்கு வேண்டாத பணத்தைப் பங்காளிகளுக்கே பகிர்ந்தளிக்குமாறு வேண்டினார். அவர்கள் இசைந்திலர். தாலந்தை நிலத்திற் புதைத்த ஊழியனை ஒத்த அந்நிர்வாகிகள், தம் கொள்கை பிடியாதவர் பங்கினை விற்றுவிடலாம் என்னும் கருத்தினராயிருந்தனர். 1927-ஆம் ஆண்டு பென்சில்வேனியாவிலுள்ள ஆயில் சிட்டி என்னும் ஊரில் கூடிய ஆண்டுக் கூட்டத்தில் கிரகாமின் தீர்மானத்தை வழிமொழிய ஒருவரும் இல்லாமையால் அவர் பேசவும் இயலவில்லை. ஓராண்டு உழைத்து மற்றைப் பங்காளிகளின் வாக்குகளைத் திரட்டி, 1928-ஆம் ஆண்டுக் கூட்டத்தில் ஐந்து டைரக்டர் இடங்களுள் இரண்டினைக் கைப்பற்றினார். அதன் பின்னரே நிர்வாகிகள் இளகிப் பங்கு ஒன்றுக்கு 70 டாலர் பகிர்ந்தளித்தனர். அத்தொகையோடு எஞ்சிய பங்கின் விலையையும் கூட்ட, 65 டாலர் 100 டாலருக்கு மேலாயிற்று.

இவ்வரலாற்றில் இரு நெறியும் பிணைந்து கிடத்தலைக் காண்க. விலை குறைவாயிருந்தமையால் முதலுக்குக் காப்பு உண்டாயிற்று. காத்திருந்த காலமெல்லாம் ஆண்டுக்கு 6 டாலர் வந்துகொண்டிருந்தது. மதிப்பு மதிப்பாகவே உறங்காது பங்காளியின் கைக்கு வந்ததும் பகிர்வினாலேயே. ஒரு பங்கு மலிவானதா என்பதை மதிப்புக் கணக்குச் சொல்லும். அம்மலிவின் பயன் நமக்கு எய்துமா என்பதற்கு ஈவே சாட்சி.

ஆதலால் இரண்டனையும் இணைத்து நோக்குவோர் முதலில் விலையைச் சோதிப்பர். 1973-ஆம் ஆண்டுப் பதிப்பில் கிரகாம், முந்திய மூன்றாண்டுச் சராசரிச் சம்பாத்தியத்தைப் போல் 15 மடங்கிற்கு மேல் விலை கொடுத்தலாகாது என்றும், குறைந்தது 20 ஆண்டுகள் ஈவு இடையறாது அளிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் எச்சரிக்கையுடைய முதலீட்டாளருக்கு விதித்தார். பின்னர், ஈவு இலாபத்திலிருந்து வருகின்றதா, கடனிலிருந்து வருகின்றதா என ஆராய வேண்டும். பத்து ரூபாய் சம்பாதித்து நான்கு ரூபாய் ஈவு தரும் தொழிலுக்கு ஒரு மந்த ஆண்டைத் தாங்கும் வலி உண்டு. பத்தும் ஈவாகத் தருவதற்கு அவ்வலி இல்லை. பெற்ற ஈவினைச் செலவிடாது மீண்டும் பங்கு வாங்குவார்க்கு விலைவீழ்ச்சியும் அச்சம் தருவதன்று. 600 ரூபாய் ஈவு 60 ரூபாய் விலையிற் பத்துப் பங்கு தரும், 40 ரூபாய் விலையிற் பதினைந்து தரும். தொழில் கெடாதிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

இதனை மறுப்பாரும் உளர். 1961-ஆம் ஆண்டில் மில்லர், மோடிக்லியானி என்னும் அறிஞர் இருவர், வரியும் வாங்கி விற்கும் செலவும் இல்லாத செம்மையானதொரு சந்தையில், ஈவு கொடுத்தலும் கொடாமையும் பங்கின் மதிப்பை மாற்றா என நிறுவினர். ஈவு கழிந்த நாளில் விலை அவ்வளவு இறங்குதல் இயல்பே. ஆயின் அவர் கண்ட சந்தையில் ஆயில் சிட்டி நிர்வாகிகள் இலர். வரி பற்றிய மறுப்போ எமக்கு வலியதாகத் தோன்றுகின்றது. நம் நாட்டிலும் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஈவு பெறுபவரே அதன்மேல் வருமான வரி செலுத்துதல் வேண்டும்.

கிரகாமின் மாணாக்கராகிய வாரன் பபெட் தலைமையில் இருந்த பெர்க்ஷயர் ஹாத்தவே கம்பெனி, 1994-ஆம் ஆண்டளவில் 130 கோடி டாலர் செலவிற் கோக்கோ கோலாவின் 40 கோடிப் பங்குகளை வாங்கி முடித்தது. அவ்வாண்டு வந்த ஈவு 7½ கோடி டாலர். ஒரு பங்கும் புதிதாக வாங்காமலே, 2022-ஆம் ஆண்டில் வந்த ஈவு 70 கோடியே 40 இலட்சம் டாலர். அதாவது இட்ட முதலிற் பாதிக்கும் மேல் ஒரே ஆண்டில் திரும்பியது. ஆயினும் இவ்வளவு ஈவு வாங்கிய பெர்க்ஷயர், பபெட் காலத்தில் தன் பங்காளிகட்கு ஈவு அளித்தது ஒரே ஒரு முறை, 1967-ஆம் ஆண்டில், பங்கு ஒன்றுக்குப் பத்து சென்ட். எஞ்சிய இலாபத்திற் பெரும்பகுதி கம்பெனியிலேயே தங்கி, மேன்மேலும் தொழில் வாங்கவும் பயன்பட்டது. 2014-ஆம் ஆண்டில் ஈவு வேண்டும் என்னும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, அதனை மிகப் பெரும்பான்மையாற் புறந்தள்ளியவர்கள் அப்பங்காளிகளே.