காய்கறிக்கு 30 சென்ட், கணக்குக்கு எவ்வளவு?

அமெரிக்காவில் ஏழைகள் காய்கறி வாங்கத் தரும் ஊக்கத்தொகையில் நிர்வாகச் செலவே அதிகமாமே? அதையும் அவர்களுக்கே கொடுத்துவிடலாமே? – வாசகி, மதுரை

உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்தச் செலவு எங்கே போகிறது என்று பாருங்கள். 'ஸ்நாப்' உணவு உதவி அட்டையில் காய்கறிக்கு மட்டும் கூடுதல் பணம் சேர வேண்டுமென்றால், கடையில் பில் போடும் இயந்திரத்துக்குத் தக்காளி வேறு, சிப்ஸ் வேறு என்று தெரிய வேண்டும். மென்பொருளை மாற்ற வேண்டும், ஊழியர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். பெரும்பாலும் ஒருமுறைச் செலவு இது.

மாசசூசெட்ஸின் ஹாம்ப்டன் கவுண்டியில் 2011-12ல் நடந்த சோதனையில் 7,500 குடும்பங்கள்தான். ஒரு டாலருக்குப் பழம், காய் வாங்கினால் 30 சென்ட் அட்டைக்கே திரும்பி வந்தது. சிறிய கூட்டம், ஆகவே தலைக்குச் செலவு பெரிதாகத்தான் தெரியும். பலனோ, ஊக்கத்தொகை பெறாதவர்களைவிட 26 சதவீதம் அதிகமாகப் பழமும் காயும் சாப்பிட்டார்கள். அது எனக்குப் பெரிய விஷயம்.

ஓயாத செலவு எதுவென்றால், உழவர் சந்தைகளில் இந்த ஊக்கத்தொகையைப் பணத்துக்குப் பதிலாகத் தரும் டோக்கன்தான். எண்ண வேண்டும், கணக்கெழுத வேண்டும், விவசாயிக்குப் பட்டுவாடா செய்ய வேண்டும். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவே. 2017ல் மாசசூசெட்ஸ் மாநிலம் முழுக்கத் தொடங்கிய திட்டத்தில், விவசாயியிடம் வாங்கிய உடனேயே தொகை அட்டையில் வரவாகிவிடுகிறது.