சிவிங்கி

ஆதியிலே படைக்கப்பட்ட விலங்குகட்கெல்லாம் ஆதாம் பெயரிட்டான் என்று ஆதியாகமம் கூறும். ஒன்றற்குத் தனிப்பெயர் இடுதல், அதனைப் பிறவற்றினின்று வேறுபிரித்து அறிந்தமைக்கு அடையாளமாகும். பெயர் வழக்கொழியுமாயின் அவ்வறிவும் அதனோடு மங்கிவிடும். இவ்வுண்மையை நமக்கு நன்கு உணர்த்தவல்லதொரு விலங்கினைக் குறித்து ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பெயரும் உருவும்

இந்நாளில் "சிறுத்தை" என்னும் சொல் இருவேறு விலங்குகளைக் குறிக்கப் பலகாலும் வழங்கக் காண்கின்றோம். அவற்றுள் ஒன்று, மலைக்காடுகளில் மறைந்து திரிந்து, கொன்ற இரையை மரத்தின்மீது இழுத்தேற்றும் வலிமை படைத்தது. மற்றொன்று, ஆங்கிலேயர் "சீட்டா" என்பது. பின்னதற்குத் தமிழிலே "சிவிங்கி" என்னும் தனிப்பெயர் உண்டு. பழைய அகராதிகள் அதனை வேட்டைக்குப் பழக்கப்படும் விலங்கென்றே குறிக்கின்றன. நம் அயன்மொழிகளாகிய கன்னடத்திலும் தெலுங்கிலும் இதனை ஒத்த சொற்கள் உள்ளன. அறியாத விலங்கிற்கு நம் முன்னோர் பெயர் வகுத்திரார் என்பது தெளிவு. "சீட்டா" என்பதும் மேனாட்டுச் சொல் அன்று; புள்ளியுடையது என்னும் பொருள்பட்ட வடசொல்லின் வழிவந்ததே அது.

இவ்விரண்டனையும் வேறுபிரித்து அறிதல் அரிதன்று. சிறுத்தையின் மேற்புள்ளிகள் மலரிதழ் வட்டமிட்டாற்போல அமைந்திருக்கும். சிவிங்கியின் புள்ளிகளோ மை தொட்டு வைத்தாற்போல உள்நிறைந்து தனித்தனியே விளங்கும். சிவிங்கியின் கண்ணின் உட்கோணத்தினின்று வாய்வரை, கண்ணீர் வழிந்த தடம் போன்ற கருங்கோடு ஒன்று இறங்கும். அதன் தலை சிறியது, இடை ஒடுங்கியது, கால்கள் நெடியன. நகங்கள் முற்றும் உள்ளொடுங்காமல், ஓடுங்கால் நிலத்தைப் பற்றிக்கொள்ள உதவும். மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் விரைவினை எய்தும் இதுவே நிலத்தில் ஓடும் விலங்குகளுள் தலையாயது. எனினும் அவ்விரைவு சில நூறு கெஜ தூரமே நிலைக்கும். சிங்கம்போல் இது கர்ச்சிப்பதில்லை, பூனைபோல் உறுமும்.

வேட்டைத் துணை

பிடித்துவந்த சிவிங்கியைச் சில திங்களிற் பழக்கிவிடுதல் கூடும். ஆதலின் அரசர்கள் அதனை வேட்டைநாய்போல் வளர்த்தனர். கண்ணை மூடிய முகமூடியோடு அதனை மாட்டுவண்டியில் ஏற்றிச் செல்வர்; வெளிமான் கூட்டம் தென்பட்டதும் மூடியை நீக்கி ஏவிவிடுவர். அக்பர் சக்கரவர்த்தி ஒருகாலத்தில் 1,000 சிவிங்கிகளை வைத்திருந்தார் என்பர். மைசூரில் திப்பு சுல்தானும் அவற்றை வளர்த்தார்.

நம் சென்னைக்கும் இவ்விலங்கோடு தொடர்பு உண்டு. இராயப்பேட்டையினின்று வடகிழக்கே சிறிது தொலைவு சென்றால் புனித ஜார்ஜ் கோட்டையை அடைவோம். 1755 முதல் 1763 வரை அங்கே கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகட் என்பவர், தாய்நாடு திரும்பியபின் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குச் சிவிங்கி ஒன்றனைக் காணிக்கையாக அளித்தார். 1764-ஆம் ஆண்டில் விண்ட்சர் சோலையிலே அதனைக் கலைமான் ஒன்றின்மீது ஏவினர். மானோ தன் கொம்புகளால் அதனை எதிர்த்து விரட்டிவிட்டதாம். அச்சிவிங்கியையும் அதனைப் பேணிய இந்தியர் இருவரையும் ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்னும் ஓவியர் பெரியதொரு படமாகத் தீட்டினார். அப்படம் இன்றும் மான்செஸ்டர் கலைக்கூடத்தில் உள்ளது. கடல்கடந்து சென்ற விலங்கின் உருவம் அங்கே நிலைபெற்றிருக்க, அது பிறந்த நாட்டிலோ அதன் இனம் முற்றும் ஒழிந்தது!

அழிவின் காரணங்கள்

இவ்வழிவிற்குக் காரணம் யாது? ஒன்றன்று, மூன்று.

முதலாவது, வேட்டைக்கெனப் பிடித்தமையே. சிவிங்கி கூட்டிலடைபட்டால் எளிதில் ஈனாது. ஜஹாங்கீர் காலத்தில் அரண்மனையில் ஒருமுறை குட்டிகள் பிறந்ததை அவரே வியந்து குறித்துள்ளார். ஆகவே அரசர்கள் வளர்த்த ஒவ்வொன்றும் காட்டினின்று கவரப்பட்டதேயாம். பல நூற்றாண்டுகள் இங்ஙனம் முதலையே எடுத்துச் செலவிட்டால் வட்டி எங்ஙனம் வளரும்? 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோலாப்பூர், பவநகர் முதலிய சமஸ்தானத்தார் ஆப்பிரிக்காவினின்று சிவிங்கிகளை வருவிக்க நேர்ந்தது.

இரண்டாவது, துப்பாக்கியும் வெகுமதியும். மனிதரைத் தாக்கும் இயல்பு இதற்கு இல்லையென்றே கூறலாம். அங்ஙனமிருந்தும், ஆங்கிலேயர் ஆட்சியில் கொடிய விலங்குகளின் வரிசையில் இதனையும் வைத்துக் கொன்றோர்க்குப் பணம் அளித்தனர். இறுதியாக, 1947-ஆம் ஆண்டையொட்டி, கோரியா சமஸ்தானத்து மகாராஜா ஓரிரவில் மூன்று ஆண் சிவிங்கிகளைச் சுட்டு வீழ்த்தினார். இந்தியாவில் ஐயமற அறியப்பட்ட கடைசிச் சிவிங்கிகள் அவையே என்பர். 1952-ஆம் ஆண்டில் இவ்வினம் நம் நாட்டில் அற்றுப்போயிற்றென அறிவிக்கப்பட்டது.

மூன்றாவது காரணமே யாவற்றினும் ஆழமானது. சிவிங்கி அடர்ந்த காட்டில் வாழ்வதன்று. புல்லும் முட்செடியும் விரவிய வெளியே அதன் வீடு. அவ்வெளியை நாம் "தரிசு" என்று கணக்கெழுதினோம். மரமில்லாமையால் அது காடாக எண்ணப்படவில்லை. உழவில்லாமையால் வயலாகவும் எண்ணப்படவில்லை. மேய்க்கால் புறம்போக்கு என விடப்பட்ட நிலமும் நாளடைவில் ஏருக்கும் கட்டடத்திற்கும் இரையாயிற்று. புல் குறைந்தது, மான் குறைந்தது, மானை நம்பிய சிவிங்கி மறைந்தது. சிறுத்தையென்று அழைத்து விலங்கின் பெயரைக் கலந்தமைபோலவே, தரிசென்று அழைத்து நிலத்தின் பெயரையும் நாம் கெடுத்தோம்.

பாரசீகத்தில் எஞ்சியவை

நிற்க. அரபிய நாடுகள் முதல் இந்தியா வரை ஒருகாலத்தில் பரவியிருந்த ஆசியச் சிவிங்கி இன்று ஈரான் தேசம் ஒன்றிலேயே எஞ்சியுள்ளது. அங்கே 12 மட்டுமே உள்ளன, அவற்றுள் ஆண் 9, பெண் 3 என்று 2022 ஜனவரியில் அந்நாட்டு அதிகாரிகள் உரைத்தனர். அதன்பின் தாய்களும் குட்டிகளும் இடையிடையே தென்பட்டது உண்மையே. எனினும் அபாயம் நீங்கிற்றில்லை. தூரான் என்னும் காப்பிடத்தை ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலையில் வண்டிகள் மோதிச் சில மடிகின்றன. ஆட்டு மந்தைகளின் காவல்நாய்கள் சிலவற்றைக் கொல்கின்றன. அவற்றிற்கு இரையாகும் மான்களும் அருகிவிட்டன. 2022 மே மாதத்தில் காப்பிலிருந்த பெண் சிவிங்கி ஒன்று மூன்று குட்டிகளை ஈன்றது. இரண்டு விரைவில் இறந்தன. எஞ்சிய பீரூஸ் என்னும் குட்டி 2023 பிப்ரவரியில் சிறுநீரக நோயால் மாண்டபோது அந்நாட்டு மக்கள் திரளாகத் துயருற்றனர். தம் நாட்டில் இன்னும் உள்ளதற்காக அவர்கள் அழுதனர். நம் நாட்டில் அற்றுப்போனதற்கு அழுதவர் எத்துணைப் பேர்?

ஈரானினின்று சிவிங்கிகளைப் பெற நம் அரசாங்கம் 1970-களில் முயன்றது. 1979-ஆம் ஆண்டுப் புரட்சியோடு அப்பேச்சு நின்றது. பின்னரும் முயன்று கைகூடாமையால், ஆப்பிரிக்க இனத்தைக் கொணரத் துணிந்தனர். 2022 செப்டம்பர் 17-இல் நமீபியாவினின்று 8-உம், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவினின்று 12-உம் மத்தியப் பிரதேசத்துக் கூனோ காட்டிற்கு வந்தன. அவற்றுள் பல மடிந்தன; குட்டிகளும் பிறந்தன. ஆயினும் ஆசிய இனமும் ஆப்பிரிக்க இனமும் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்னரே கிளைபிரிந்தவை. விருந்தினர் வந்தமை மகிழ்ச்சிக்குரியதே. இறந்த மகன் மீண்டான் என்று அதனைக் கூறலாகாது.

நாம் செய்யத்தக்கது

ஈரானில் உள்ளவற்றை நாம் இங்கிருந்து காத்தல் இயலாது. ஆயினும் அவற்றின் வரலாறு நமக்கொரு பாடம் புகட்டுகின்றது. கிண்டியிலே நம்மிற் பலர் வெளிமானைக் கண்டிருப்போம். துரத்துவோர் எவருமின்றியும் அது துள்ளிப் பாயும் வேகம் நம்மை வியப்பிலாழ்த்தும். அவ்வேகம் சிவிங்கி போன்ற பகைகளோடு நெடுங்காலம் ஓடிப் பெற்ற செல்வம் என்று அறிஞர் கருதுவர். பகை மறைந்தது, ஓட்டம் மட்டும் எஞ்சியது.

பள்ளிக்கரணைச் சதுப்பினையும் நினைமின். பயனற்ற நிலமென்று கருதி அங்கே நகரின் குப்பையைக் கொட்டினோம். பெரும்பகுதியை இழந்தபின்னரே அதன் அருமையை உணர்ந்தோம். 2022-ஆம் ஆண்டில் அஃது உலகப் புகழ்வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. சதுப்பிற்கு வந்த இந்நல்லறிவு புல்வெளிக்கும் வரவேண்டும். வல்லநாட்டிலும் கோடியக்கரையிலும் வெளிமான் மேயும் நிலங்கள் இன்றும் உள்ளன. அவற்றைத் தரிசென்று கூறாதிருப்போமாக.

மாணவராகிய நாம் முதற்கண் செய்யத்தக்கது எளியது. ஒவ்வோர் உயிரையும் ஒவ்வொரு நிலத்தையும் அதனதன் பெயரால் அழைக்கக் கற்போம். சிவிங்கியைச் சிவிங்கி என்றே கூறுவோம். ஆதாமுக்கு அளிக்கப்பட்ட பணி பெயரிடுதலோடு முடிந்ததன்று. தோட்டத்தைப் பண்படுத்திக் காப்பதும் அவனிடமே ஒப்புவிக்கப்பட்டது. பெயரிடும் உரிமையை மகிழ்ந்து ஏற்ற நாம், காக்கும் கடமையை மறத்தல் தகுமோ?