நீலகிரித் தைலம்

பெத்லகேமுக்கு வந்த சாஸ்திரிகள் படைத்த காணிக்கை மூன்றனுள், பொன் ஒழிந்த இரண்டும் மரங்கள் தந்தவை என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் பட்டையைக் கீறிய இடத்திற் கசிந்து இறுகும் பிசின்களாம். கீறுவோன் மரத்தைக் கொல்லாது விடுவானாயின், மறு ஆண்டும் அதனிடம் செல்லலாம். சந்தனத்தின் செய்தி வேறு. அதன் எண்ணெய் வைரத்திலும் வேரிலும் உறைவது. 30 ஆண்டளவு வளர்ந்து வைரம் ஏறிய மரத்தை வேரோடு அகழ்ந்தாலன்றி அது நிரம்பக் கிட்டாது. இவ்விரு வகையிலும் சேராது இலையிலேயே எண்ணெயை வைத்திருக்கும் மரமொன்று நம் நாட்டு மலையில் வளர்கின்றது. அதனையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

யூகலிப்டஸ் என்னும் அம்மரத்தை நீலகிரி மக்கள் கற்பூர மரம் என்பர். கற்பூரம் தரும் உண்மை மரம் இலவங்க இனத்தைச் சார்ந்தது. மணத்தின் ஒப்புமையாலேயே இதற்கு அப்பெயர் வாய்த்தது போலும். இதன் தாயகம் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கும் தாஸ்மேனியாவும் ஆகும். 1843-ல் காட்டன் என்னும் படைத்தலைவர் இதனை நீலகிரியில் நடுவித்தார் என்பர். வெள்ளையர் குடியேறியபின் விறகுக்காகச் சோலைகள் வெட்டுண்டு அருகின. அவ்விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கவே பின்னர் இம்மரம் தோட்டந்தோட்டமாகப் பயிரிடப்பட்டது. தைலம் பிற்பாடு வந்த பயன்.

தைலம் வடிக்கும் முறை எளிது. ஆயின் அதனுள் ஒரு வியப்பு உண்டு. பெரிய செப்புக் கலத்தில் இலையையும் நீரையும் இட்டு, மூடி, அடியில் தீ மூட்டுகின்றனர். ஆவி ஒரு குழாய் வழியே குளிர்ந்த நீர்த்தொட்டியுட் சென்று மீண்டும் நீராகிச் சொட்டுகின்றது. எண்ணெய் நீரினும் இலேசானதாகலின் மேலே மிதக்கும். அதனை வடித்தெடுத்தல் அரிதன்று. தைலத்தின் தலைமைப் பொருள் சினியோல் என்பது. அது தனித்துக் கொதிக்க 176 பாகை வெப்பம் வேண்டும். கலத்திலுள்ள நீரோ 100 பாகைக்கு மேற் செல்வதில்லை. அங்ஙனமாயின் எண்ணெய் எவ்வாறு ஆவியாயிற்று? கலவாத இரு நீர்மங்கள் ஒருங்கே சூடேறும்போது, ஒவ்வொன்றும் தன் ஆவியழுத்தத்தைத் தனித்தனியே தருகின்றது. இரண்டன் கூட்டுத்தொகை காற்றின் அழுத்தத்தை எட்டியவுடன் கொதிப்பு நிகழும். அது 100 பாகைக்குச் சற்றுக் கீழேயே நிகழ்ந்துவிடும். தனியே ஏறவியலாத மேட்டை எண்ணெய் நீரின் கைப்பற்றி ஏறிவிடுகின்றது.

100 பங்கு பச்சிலைக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே எண்ணெய் கிடைக்கும். இலையைப் பறித்தாலும் மரம் மீளத் தழைக்கும். அடியோடு வெட்டினாலும் கட்டையினின்று துளிர்க்கும். உதிர்ந்த இலையும் பயன்படும். இவற்றைக் கேட்பார், குற்றமற்ற தொழில் உலகில் உண்டெனில் இதுவேயென்று கூறுவர். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம்.

ஆயின் மரம் நிற்கும் நிலத்தையும் நோக்கவேண்டும். நீலகிரியின் மேட்டுநிலம் இயல்பிற் பரந்த புல்வெளி. பள்ளங்களில் மட்டும் சோலைகள் நிற்கும். தோடரின் எருமைகள் மேய்வது அப்புல்வெளியில். அவர்தம் கோயிலை வேயும் புல்லும் ஆண்டுள்ள சதுப்பு நிலத்தது. மழைநீரைத் தேக்கிவைத்து ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக விடுவதும் அந்நிலமே. கிளென்மார்கன் என்னுமிடத்தில் 1972 முதல் ஆராய்ச்சியாளர் இரு நீர்ப்பிடிப்புகளை ஒப்புநோக்கினர். ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதிற் பாதிக்கு மேல் இம்மரத்தை நட்டனர். முதற் பத்தாண்டில் ஓடைநீர் 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டித் துளிர்க்கவிட்ட இரண்டாம் பத்தாண்டிற் குறைவு 25 விழுக்காட்டை எட்டியது. தைலம் வடிப்போர் போற்றும் அத்துளிர்ப்பே நீரை மிகுதியாகக் குடித்தது. துளிர் புதிது, வேரோ பழையது, ஆழமானது. இப்பகுதி நீரைக் கொண்டே பைக்காராவில் 1932 முதல் மின்சாரம் ஆக்கப்படுவதால், இக்குறைவு மலையோடு நின்றுவிடுவதன்று.

ஆகவே இலைக்காகப் புதிய புல்வெளியில் ஒரு மரமும் நடுதல் தகாது என்பதே நம் துணிபு. ஓடையோரத்தும் சதுப்பிலும் நிற்பனவற்றை அகற்றலாம். எஞ்சிய பழைய தோட்டங்களின் இலையே குடிசைத் தொழிலாக வடிப்போர்க்குப் போதுமா எனின், மரம் வெட்டுமிடத்து வீணே கிடக்கும் தழையையும் சேர்த்துக்கொள்ளின் பெரிதும் ஈடாகும் என்று கருதுகின்றோம். உதிர்ந்த சருகு முழுவதையும் வாரிவிடுதல் மட்டும் நன்றன்று. சரிவான நிலத்தில் அது மண்ணுக்குப் போர்வை.

அடுப்பின் கணக்கு ஒன்று உண்டு. சென்ற கோடையில் உதகைக்கு அணித்தாக ஒரு தைலக் கொட்டகையைக் கண்டோம். ஆண்டுப் பணிசெய்த முதியவர், வடித்தபின் எஞ்சும் சக்கையை வெயிலிற் பரப்பி, மறுநாள் அதனையே எரிக்கின்றார். “விறகு வாங்குவதில்லையா, ஐயா?” என்று வினவினோம். “வெயில் இருக்கும்வரை வேண்டாம், தம்பி. மழைக்காலத்தில் சக்கை காயாது, அப்போது விறகுதான்” என்றார். தென்மேற்குப் பருவமழை அம்மலையில் சூன் முதல் செப்டம்பர் வரை நிற்பது. சக்கையை உலர்த்த மேலே ஒரு கூரையும், அடுப்பின் புகைபோக்கியை அதனூடே செலுத்த ஒரு தகரக் குழாயும் இருப்பின் அவ்விறகும் வேண்டாவென்று எமக்குத் தோன்றிற்று. முதியவரிடம் அதனைக் கூறியபோது, அவர் கூரையை அண்ணாந்து பார்த்து, தகரத்தின் விலையைக் கேட்டார்.